மருந்து ஒன்று, சட்டம் இரண்டு

மாடு காலைத் தாங்கி நடந்தால் ஊசி போட ஆள் தேடுகிறோம். ஊசி போட்டதும் மாடு தேறிவிட்டால் போதும். “என்ன மருந்துங்க அது?” என்று கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நம் நாட்டில் மருந்துச் சட்டம் 1940-இல் வந்தது. அதன் விதிகள் 1945-இல் வந்தன. விதிகளில் மருந்துகளை அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ‘எச்’ அட்டவணை மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வலியும் வீக்கமும் குறைக்கிற டைக்ளோஃபினாக் அதில் ஒன்று. விலை மலிவு. 1990-களில் மாட்டு வைத்தியத்திலும் பரவிவிட்டது.

அதே காலத்தில் பிணந்தின்னிக் கழுகுகள், அதாவது பாறுகள், கூட்டங்கூட்டமாகச் செத்தன. காரணம் புரியவில்லை. பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி 2004-இல் விடை சொன்னது. இந்த ஊசி போட்ட மாடு சீக்கிரமே செத்துப்போய், அதைப் பாறு தின்றால், பாறுவின் சிறுநீரகம் கெட்டுவிடுகிறது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் அழிந்தது. செத்த மாட்டைத் தின்று தீர்க்கப் பாறு இல்லை, நாய்கள் பெருகின.

மாட்டுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பை நிறுத்த 2006-இல் அரசு உத்தரவிட்டது. மனிதருக்குத் தடை இல்லை. இங்கேதான் ஓட்டை! மனுஷனுக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும். கடையிலோ 30 மில்லி புட்டி விற்றது. அது யாருக்குப் போனது? மாட்டுக்குத்தான். 2015-இல், ஒரு வேளைக்கான 3 மில்லிக்கு மேல் புட்டியில் அடைக்கக் கூடாது என்று விதி வந்தது. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. விதி செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தீர்ப்புச் சொன்னது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைக்கு 2023-இல் தடை செய்தார்கள்.

பார்த்தீர்களா? மனிதருக்கு நல்ல மருந்து, மாட்டுக்கென்று விற்றால் குற்றம். சட்டம் கடை வரைக்கும் வரும். தொழுவத்துக்குள் நீங்கள்தான் காவல். மெலாக்சிகம் என்ற வலி மருந்து பாறுகளைக் கொல்வதில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கால்நடை டாக்டரிடம் அதைக் கேளுங்கள். புட்டியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். முதுமலை, மோயாற்றுப் பக்கம் இன்னும் கொஞ்சம் பாறுகள் பறக்கின்றன. அவை பிழைப்பது நம் கையில் இருக்கிறது.