தெர்லா ஆற்று நீர்: போருக்குப் பிந்தைய மலாயாவின் மறுகட்டுமானமும் கேமரன் மலையும்

இரண்டாம் உலகப் போரில் சிதைந்த மலாயாவைத் திரும்பக் கட்டும் பணி 1945 செப்டம்பரில் தொடங்கியது. 1963-இல் கேமரன் மலை நீர்மின் திட்டத்தின் முதல் கட்டம் நிறைவடைந்தபோது அது ஒரு மைல்கல்லை எட்டியது. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் அரிசியைப் பங்கிட்ட பன்னாட்டு அமைப்புகள், இந்தியாவிலிருந்து வந்த மருத்துவர்கள், கொழும்புத் திட்டம், உலக வங்கி எனப் பல தரப்பினர் அப்பணியில் இணைந்தனர். ஆனால் மரத்தை வெட்டியதும் ரப்பர்ப் பால் இறக்கியதும் கொழுந்து கிள்ளியதும் வாங்கிய கடனுக்குப் பொறுப்பேற்றதும் மலாயா மக்களே. அந்த வரலாற்றின் தடம் இன்றும் தெரியும் இடங்களில் ஒன்று கோலா தெர்லா.

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இந்தச் சிற்றூர் இருக்கிறது. ஆறு சென்று சேரும் வாயை மலாய் மொழியில் 'கோலா' என்பர். தெர்லா ஆறு தெலோம் ஆற்றோடு கலக்கும் பகுதி என்பதால் இப்பெயர் வந்தது. சுற்றிலும் தேயிலைச் சரிவுகளும் காய்கறித் தோட்டங்களும் பரவியுள்ளன.

போருக்கு முன்

நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை 1885-இல் கண்டு குறித்து வைத்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் இது காடாகவே கிடந்தது. 1925-இல் பிரிட்டிஷ் நிருவாகி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே மலைவாழிடம் அமைக்கும் முயற்சி வேகம் பிடித்தது. தொழிலதிபர் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931-இல் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை வந்து சேர்ந்தது. அடுத்தடுத்து வேறு தோட்டங்களும் எழுந்தன.

காடழிக்கவும் கன்று நடவும் கொழுந்து கிள்ளவும் அமர்த்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகவும் பின்னர் உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு வழியாகவும் வந்த குடும்பங்கள் லயங்களில் குடியமர்ந்தன. 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்றுக் கூலி வேலைக்குச் செல்லும் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதனால் போர் மூண்டபோது தோட்டங்களில் இருந்த மக்கள்தொகையே எஞ்சிய உழைப்புப் பலம். அதில் இழந்தால் ஈடு செய்ய ஊரிலிருந்து வேறு ஆள் வரப்போவதில்லை.

போரின் இழப்பு

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே பாலங்களையும் சுரங்க இயந்திரங்களையும் ரப்பர் இருப்பையும் அழித்துச் சென்றது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் ரப்பருக்கும் தேயிலைக்கும் சந்தை இல்லை. மலாயாவின் அரிசித் தேவையில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. கப்பல் நின்றதும் சோறு நின்றது. மரவள்ளிக்கிழங்கே அன்றாட உணவானது. வாழைமரப் படம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு மதிப்பிழந்துகொண்டே போய், போர் முடிந்த நாளில் வெறும் காகிதமானது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதை. சயாமின் (தாய்லாந்தின்) பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர்கள் 70,000-க்கும் மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி உதை ஆகியவற்றால் பல்லாயிரம் பேர் மாண்டனர். அதே பாதையில் மாண்ட போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. தோட்டத் தொழிலாளர்களுக்குக் காடே கல்லறையானது.

ஆட்களோடு தண்டவாளங்களும் போயின. பகாங் வழியாகக் கிளந்தானுக்குச் சென்ற கிழக்குக்கரை ரயில் பாதையின் பெரும்பகுதியை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாமுக்குக் கொண்டு சென்றனர். அந்தப் பாதையை மறுபடி இட்டு முழுமையாகத் திறக்க 1953 வரை ஆனது. 1931 குடிமதிப்பில் மலாயா, சிங்கப்பூர் இந்தியர்கள் 6,20,000-க்கும் அதிகம். 1947-இல் அது 6 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் பலர் தாயகம் திரும்பியதும் போர்ச் சாவுகளும் இதற்குக் காரணம்.

சோறும் மருந்தும்

1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார், 1946 மார்ச் இறுதி வரை இராணுவ நிருவாகம் நடத்தினர். முதல் வேலை மக்களுக்குச் சோறு கொடுப்பதுதான். பர்மாவின் வயல்களும் போரில் பாழாகியிருந்தன. ஆசியா முழுவதும் அரிசிக்குத் தட்டுப்பாடு. பணம் இருந்தாலும் ஒரு நாடு தானாக வாங்கிக்கொள்ள முடியாத நிலை. எனவே 1946-இல் அமைந்த பன்னாட்டு அவசர உணவுக் கழகம் நாடுவாரியாக அரிசியைப் பங்கிட்டது. சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் சிறப்பு ஆணையர் லார்டு கில்லர்ன் தென்கிழக்காசியப் பகுதிக்கான பங்கீட்டை ஒருங்கிணைத்தார்.

இந்தியாவும் கை கொடுத்தது. 1946 மார்ச்சில் ஜவாஹர்லால் நேரு மலாயாவுக்கு வந்து இந்தியத் தொழிலாளர்களின் நிலையைப் பார்த்தார். அதே ஆண்டில் இந்தியத் தேசிய காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழு இந்தியர் வாழும் பகுதிகளில் சிகிச்சை அளித்தது. இந்தியாவே விடுதலை பெறாத காலம் அது. அடிமை நாடு ஒன்று இன்னொரு அடிமை நாட்டின் நோயாளிகளுக்கு அனுப்பிய மருந்து அது.

கவாத்து

தேயிலை மலையில் மறுகட்டுமானம் கத்தியிலிருந்து தொடங்கியது. தேயிலை இயல்பில் மரம். வாரம் தவறாமல் கொழுந்து கிள்ளுவதாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவதாலும்தான் அது இடுப்பளவு செடியாக நிற்கிறது. கிள்ளாமல் விட்டால் ஆளுயரம் தாண்டி வளர்ந்து, பூத்துக் காய்த்து, இலை முற்றிவிடும். போர்க்காலத்தில் கவனிப்பற்றுப் போன தேயிலைக்கு நேர்வது இதுதான்.

அத்தகைய செடியை மீட்பதற்குக் குறுக்குவழி கிடையாது. முதலில் கொடியையும் களையையும் அறுத்தெறிய வேண்டும். பிறகு தடித்த கிளைகளை ரம்பத்தால் தாழ்வாக வெட்ட வேண்டும். வெட்டுவாயில் தண்ணீர் தங்கினால் கட்டை அழுகும். அதனால் வெட்டு சாய்வாக விழ வேண்டும். மாதங்கள் கழித்துத் துளிர் வரும். அதை ஒரே மட்டத்துக்கு நுனி கிள்ளிப் பரப்பிய பின்புதான் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிடைக்கும். பட்டுப்போன செடிகள் இருந்த இடத்தில் புதுக்கன்று நட்டுச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த நுணுக்கம் கைப்பழக்கமாகத் தெரிந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. எந்த நாட்டு உதவியும் அந்தக் கைகளுக்கு ஈடாக முடியாது.

டாலர் யாருக்கு?

ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா 1948-இல் மார்ஷல் திட்டத்தைத் தொடங்கி ஏறத்தாழ 1,300 கோடி டாலர் வழங்கியது. ஆசியாவுக்கு அந்த அளவில் திட்டம் ஏதும் இல்லை. மலாயாவின் நிலையோ தலைகீழ். அதன் ரப்பரும் ஈயமும் அமெரிக்காவில் விற்கப்பட்டு, பவுண்டைச் சார்ந்த நாடுகளின் ஸ்டெர்லிங் வட்டாரத்திலேயே அதிக டாலரை ஈட்டின. அந்த டாலர் லண்டனின் பொதுக் கையிருப்பில் சேர்ந்து, கடனில் மூழ்கிய பிரிட்டனைத் தாங்கியது. மலாயாவைப் பிரிட்டன் மீட்டது என்று சொல்வது பாதி உண்மை. மலாயாத் தோட்டங்களும் சுரங்கங்களும் பிரிட்டனை மீட்டன என்பது மறுபாதி.

1947-இல் ஆசிய, தூரகிழக்குப் பொருளாதார ஆணையத்தை ஐ.நா. நிறுவியது. போரால் சிதைந்த பகுதிகளின் மீட்சியே அதன் தொடக்க நோக்கம். 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடினர். அங்கு உருவான கொழும்புத் திட்டம் 1951-இல் நடைமுறைக்கு வந்தது. நிபுணர்களை அனுப்புவதும் பயிற்சியிடங்கள் தருவதும் அதன் முக்கிய வேலை. தொடக்கத்தில் பிரிட்டனின் வழியாக இதில் அடங்கியிருந்த மலாயா, 1957-இல் விடுதலை பெற்றதும் தனி உறுப்பினரானது.

இதற்கிடையே 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் அரசுக்கும் நடந்த அந்தப் போராட்டம் 1960 ஜூலை வரை நீடித்தது. காட்டோரம் வாழ்ந்தவர்களை முள்வேலிக்குள் குடியேற்றிய புதுக்கிராமங்கள் கேமரன் மலையிலும் எழுந்தன. கோலா தெர்லாவும் அவற்றில் ஒன்று. ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு, சோதனைச் சாவடி என மறுபடியும் போர்க்கால வாழ்க்கை. மறுகட்டுமானத்துக்கு வேண்டிய பணத்தைப் பாதுகாப்புச் செலவு விழுங்கியது.

உலக வங்கியின் கடன்

உலக வங்கியின் முழுப்பெயரில் 'மறுகட்டுமானம்' என்ற சொல் 'வளர்ச்சி'க்கு முன்னே நிற்கிறது. 1944-இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் உருவான அவ்வங்கி, முதல் கடனாக 25 கோடி டாலரை 1947-இல் பிரான்சுக்கு வழங்கியது. 1954-இல் சர் லூயி சிக் தலைமையிலான குழுவை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பியது. வேளாண்மை, மின்சாரம், கல்வி, சுகாதாரம் என ஒவ்வொரு துறையையும் ஆராய்ந்த அறிக்கை 1955-இல் வெளிவந்தது.

1958 மார்ச்சில் மலாயாக் கூட்டரசு வங்கியில் உறுப்பினரானது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய மின்சார வாரியத்துக்கு 3 கோடியே 56 லட்சம் டாலர் கடன் கிடைத்தது. கூட்டரசு அதற்குப் பிணை நின்றது. மலாயாவுக்கு உலக வங்கி தந்த முதல் கடன் இதுவே. சாலைக்கோ துறைமுகத்துக்கோ அன்றி, கேமரன் மலையின் நீருக்கே அது ஒதுக்கப்பட்டது. ஈயச் சுரங்கங்களுக்கும் மேற்குக் கரை நகரங்களுக்கும் மின்சாரம் போதவில்லை என்பதே காரணம்.

திட்டம் இயங்கும் விதம் இது. தெலோம் ஆற்று நீரும் அதன் அண்டை ஓடைகளின் நீரும் மறித்து எடுக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்படுகின்றன. ஹாபு மின்நிலையத்தின் இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு அந்நீர் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. சுல்தான் அபு பாக்கார் அணை அதைத் தேக்குகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கம் மலைத்தொடரைத் துளைத்துப் பேராக் மாநிலப் பக்கம் இறங்குகிறது. 500 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து பாயும் நீர், நிலத்தடியில் அமைந்த சுல்தான் யூசுப் நிலையத்தின் நான்கு இயந்திரங்களையும் சுழற்றுகிறது. ஒவ்வொன்றும் 25 மெகாவாட். மொத்தம் 100 மெகாவாட். கோலா தெர்லாவிலேயே அரை மெகாவாட் அளவுள்ள சிறு நிலையமும் உண்டு. இயல்பாக ஜெலாய் வழியே பகாங் ஆற்றுக்குப் போய்த் தென்சீனக் கடலில் கலக்க வேண்டிய நீர், மனிதன் வெட்டிய வழியில் மேற்கே திரும்பி மலாக்கா நீரிணையை நோக்கிப் போகிறது. முதல் கட்டம் 1963-இல் நிறைவடைந்தது. தொடர்ந்து பத்தாங் பாடாங் திட்டம் அறுபதுகளில் உருவானது.

தீராத கணக்கு

இழப்பீட்டின் கதை வேறு. 1951 சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்பாட்டில் பிரிட்டன் ஜப்பானிடம் போர் இழப்பீடு கோரும் உரிமையைக் கைவிட்டது. குடியேற்ற நாடான மலாயாவையும் அது கட்டுப்படுத்தியது. பின்னர் மக்கள் எழுப்பிய 'இரத்தக் கடன்' கோரிக்கையால், 1967 செப்டம்பரில் ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்பாடு செய்தன. அதன்படி 2 கோடியே 50 லட்சம் மலேசிய வெள்ளி மதிப்புக்கு ஜப்பான் வழங்கியவை இரண்டு சரக்குக் கப்பல்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கென அதில் எதுவும் ஒதுக்கப்படவில்லை.

கடனில் கட்டிய நீர்த்தேக்கத்துக்கும் பின்னாளில் ஆபத்து வந்தது. சரிவுகளில் அளவின்றி நிலம் திருத்தியதால் மண் கரைந்து ரிங்லெட் தேக்கத்தில் படிந்தது. கொள்ளளவு குறைந்த அணையிலிருந்து 2013 அக்டோபரில் நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி உயிர்கள் பலியாயின. கட்டியதைக் காப்பதும் மறுகட்டுமானத்தின் பகுதியே என்பதை அந்த வெள்ளம் காட்டியது.

மலாயாவின் அனுபவம் தரும் முடிவு தெளிவானது. போரில் விழுந்த நாட்டை எழுப்ப அயல்நாட்டுப் பணமும் நிபுணத்துவமும் தேவை. அரிசிப் பங்கீடும் நீர்மின் கடனும் அதற்குச் சான்று. ஆனால் எந்த உதவித் திட்டமும் அதிகம் இழந்தவரைத் தானாகத் தேடி வருவதில்லை. அணைக்கும் சுரங்கத்துக்கும் கிடைத்த பன்னாட்டு உடன்பாடு, தோட்ட லயங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழருக்குக் கிடைக்கவில்லை.