தேமல் போலத் தோன்றும் மரு: வைரஸ் வகையை அறிவது ஏன் அவசியம்?

மருக்களை உண்டாக்கும் மனித பப்பிலோமா வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. கை, கால்களில் வரும் சாதாரண மருவுக்கு 1, 2, 4 ஆம் வகைகளும், தட்டை மருவுக்கு 3, 10 ஆம் வகைகளும் பொதுவான காரணங்கள். இவை பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடும்.

1922 இல் லெவன்டோவ்ஸ்கி, லூட்ஸ் ஆகிய இருவர் விவரித்த ‘எபிடெர்மோடிஸ்பிளேசியா வெருசிஃபார்மிஸ்’ என்ற அரிய பரம்பரை நோய் வேறு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால், மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத 5, 8 ஆம் வகைகள் தோலில் நிலைத்துவிடும். சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சிறுவயதிலேயே தேமல் போன்ற திட்டுகளும் தட்டை மருக்களும் தோன்றும். பின்னாளில், வெயில் படும் இடங்களில் அவை தோல் புற்றுநோயாக மாறலாம்.

கண்ணால் பார்த்து 3 ஆம் வகையையும் 5 ஆம் வகையையும் பிரித்தறிவது கடினம். தோல் துண்டுப் பரிசோதனை நோயைக் காட்டும். பிசிஆர் பரிசோதனை வகையைச் சொல்லும். 2017 முதல் இலங்கையில் பாடசாலை மாணவியருக்கு வழங்கப்படும் எச்பிவி தடுப்பூசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கானது; 5, 8 ஆம் வகைகளுக்கானதல்ல.

கண்டியைச் சூழவுள்ள தோட்டங்களில் நாள் முழுதும் வெயிலில் வேலை செய்வோர், தேமல் மருந்துக்கு மாறாத திட்டுகளைக் கண்டால், கண்டி தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவில் காட்ட வேண்டும். முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. வெயிலைத் தவிர்ப்பதும் ஒழுங்கான பரிசோதனையுமே பாதுகாப்பு. நோயாளியை ஒதுக்கிவைக்க எந்தக் காரணமும் இல்லை.