தங்கப் பதக்கமும் திறக்கப்படாத ஆய்வேடும்

ஒவ்வொரு பட்டமளிப்பு விழா முடிந்ததும் எங்கட பேஸ்புக் பக்கங்கள் ஒரு கிழமைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். கறுப்பு அங்கி, கழுத்தில் பதக்கம், பக்கத்தில் பட்டுச்சேலையோடு அம்மா, கண் கலங்கி நிற்கிற அப்பா. "எங்கள் ஊருக்குப் பெருமை சேர்த்த" என்று தொடங்குகிற வாழ்த்துகள். சில ஊர்களில் சந்தியில் பதாகையும் கட்டுவார்கள். இதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தோட்டம் செய்கிறவரின், கடலுக்குப் போகிறவரின் பிள்ளை முதல் வகுப்பில் தேறினால் பதாகை கட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வாழ்த்துகளுக்குள் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை: அந்தப் பிள்ளை என்னத்தை ஆராய்ந்தா?

போன வருசம் எங்கட பேட்ச் ஆய்வுத் தலைப்புத் தேடி அலைந்தபோதுதான் இந்தக் கேள்வி எங்களுக்கு உறைத்தது. முன்னைய மாணவர்களின் ஆய்வேடுகளைப் பார்க்கலாம் என்று போனோம். பூட்டிய அலுமாரி. கடிதம் கொண்டு வா என்றார்கள். கொண்டு போனோம். உள்ளே இருந்து வாசிக்கலாம், போட்டோக்கொப்பி எடுக்க ஏலாது. சரி என்று இருந்து வாசித்தோம். கைக்கு வந்ததில் ஒன்று, இடம்பெயர்ந்த ஒரு கிராமத்தின் ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி ஒரு அக்கா எழுதியது. பின்னிணைப்பில் மட்டும் நாற்பது பக்கம், ஒரு ஆச்சி பாடப் பாட எழுதிய பாடல்கள். அந்த அக்காவைத் தேடிப்பிடித்துக் கதைத்தோம். ஆச்சி இப்போது உயிரோடு இல்லை. ஒலிப்பதிவு இருந்த போனும் பழுதாகிவிட்டது. "என்ர தீசிஸை ரெண்டு பரீட்சகர் வாசிச்சவை. அதுக்குப் பிறகு நீங்கள்தான்" என்றா.

அந்த அக்காவுக்கு நல்ல வகுப்புக் கிடைத்தது, வாழ்த்தும் கிடைத்தது. ஆச்சியின் பாட்டுக்கு அலுமாரி கிடைத்தது.

கடல் கடந்து போன விடைத்தாள்கள்

இப்படி ஆனது எப்படி என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இலங்கையில் 'சிறப்புப் பட்டம்' என்பது முதலில் ஆய்வாக வரவில்லை, பரீட்சையாகவே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே பல்கலைக்கழகமே இல்லை. மிகத் திறமையானவர்களுக்குக் கிடைத்த பெரிய விருது இங்கிலாந்துக்குப் போகிற புலமைப்பரிசில். அப்படிக் கேம்பிரிட்ஜுக்குப் போனவர்களில் ஒருவர் பொன்னம்பலம் அருணாசலம். 1906இல் இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்தபோது அவரோடு நின்றவர்களில் ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர்.

குமாரசுவாமியின் கதையில் நாங்கள் படிக்க ஒன்று இருக்கிறது. 1900இல் லண்டனில் புவியியற்பாறை ஆய்விலும் தாவரவியலிலும் முதல் வகுப்புச் சிறப்புப் பட்டம் பெற்றவர் அவர். இலங்கைக்கு வந்து கனிமங்களை அளவிடும் பணிக்குத் தலைமை தாங்கினார். கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவர், அங்கிருந்த கைவினைஞரையும் பார்த்தார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றி ஒரு பெரிய நூலையே வெளியிட்டார். முதல் வகுப்போடு அவர் நின்றிருந்தால் எங்களுக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் பட்டம் லண்டன் பல்கலைக்கழகத்தினுடையது. பாடத்திட்டமும் அங்கிருந்து வந்தது, விடைத்தாள்களும் அங்கேதான் திருத்தப்பட்டன. கொழும்பில் படித்தவரை லண்டனில் இருந்தவர் 'சிறப்பு' என்று சொல்ல வேண்டும். தன் ஊரைப் பற்றி ஒரு மாணவர் கேள்வி கேட்க அந்த முறையில் இடம் குறைவு. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தனியாக உருவானது. அடுத்த ஆண்டு தமிழுக்கு முதற் பேராசிரியராக வந்தவர் விபுலாநந்த அடிகள். அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி என்பதை எங்களில் பலர் மறந்துவிடுகிறோம். இசையையும் கணக்கையும் ஒன்றாக வைத்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளியானது. அந்த ஆண்டே அவர் காலமானார்.

வகுப்பறைக்கு வெளியே

1952இல் கலைப்பீடம் பேராதனைக்குப் போனது. மாணவர்கள் கொப்பியும் பேனையுமாக ஊருக்குள் இறங்கிய வரலாறு இந்தக் காலத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. மானிடவியலாளர் ஸ்டான்லி தம்பையா அப்போது இளம் விரிவுரையாளர். 1956இல் ஒரு மாணவர் குழுவைக் கூட்டிக்கொண்டு கல்லோயாக் குடியேற்றப் பகுதிக்குக் களஆய்வுக்குப் போனார். அவர்கள் அங்கே நிற்கும்போதே தமிழருக்கு எதிரான கலவரம் வெடித்தது. குழுவில் சிங்கள மாணவரும் இருந்தார்கள், தமிழ் மாணவரும் இருந்தார்கள். வினாக்கொத்து நிரப்பப் போன பிள்ளைகள் நாட்டின் அடுத்த முப்பது வருசத்தின் தொடக்கத்தைக் கண்ணால் கண்டார்கள். தம்பையா பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியரானார், 1997இல் பல்சான் பரிசு பெற்றார். இலங்கை வன்முறையைப் பற்றி எழுதியபோது அந்த அனுபவத்தையும் அவர் எழுதினார்.

அதே பேராதனையில் இன்னொரு வேலையும் நடந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டு வந்தார். 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை'. ஆடியவர்கள் மாணவர்கள். கற்றுக்கொடுத்தவர்கள் ஊரின் அண்ணாவிமார். எந்தப் பட்டமும் இல்லாத அண்ணாவியார் ஆசிரியராக நின்றார், பட்டம் படிக்கிறவர் அவர் முன்னால் மாணவராக நின்றார். அப்போது இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே தன் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்து நூலாக்கினார். அந்தக் கூத்துகளில் மேடையில் நின்று ஆடியதற்கு ஒருத்தருக்கும் புள்ளி போடவில்லை. ஆனால் ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

எங்கட மண்ணில்

1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் க. கைலாசபதி. பேராதனையில் தமிழ் சிறப்புப் படித்துவிட்டு அவர் நேராக விரிவுரைக்குப் போகவில்லை, முதலில் 'தினகரன்' பத்திரிகையில் ஆசிரியராக இருந்தார். பிறகுதான் பேர்மிங்ஹாம், பிறகுதான் 1968இல் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூல். பத்திரிகைக்கு எழுதிப் பழகியதால்தானோ என்னவோ, ஆய்வைச் சாதாரண வாசகருக்கும் விளங்கும்படி எழுத அவருக்கு வந்தது.

வரலாற்றுத் துறையில் கா. இந்திரபாலா. 1980இல் ஆனைக்கோட்டையில் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தபோது பெருங்கற்காலப் புதைகுழியும் பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரையும் வெளிவந்தன. இந்திரபாலாவிடம் எங்களுக்குப் பிடித்தது அந்த முத்திரையை விட இன்னொன்று. இலங்கையில் திராவிடக் குடியேற்றங்களைப் பற்றி 1965இல் லண்டனுக்கு ஓர் ஆய்வேடு கொடுத்துக் கலாநிதிப் பட்டம் வாங்கியவர் அவர். நாற்பது வருசத்துக்குப் பிறகு, 2005இல் வெளியிட்ட நூலில் தன் பழைய முடிவுகளைத் தானே திருத்தினார். புதுச் சான்றுகள் வந்தன, முன்னர் எழுதியது போதாது என்று எழுதினார். ஒரு ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய தகைமை வேறென்ன? எந்தப் பதக்கத்திலும் இதைப் பொறிக்க இடமில்லை.

பிறகு வந்த வருசங்களை எல்லாரும் அறிவோம். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தது. எத்தனை வீட்டுப் பெட்டியில் எத்தனை களக்குறிப்புக் கொப்பி கிடந்திருக்கும்?

இடையில் ஒரு பெயரைச் சொல்லாமல் போக எங்களுக்கு மனமில்லை. செல்வி. யாழ் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த மாணவி, கவிஞர். 1991 ஓகஸ்டில் விடுதலைப் புலிகளால் பிடித்துக்கொண்டு போகப்பட்டா. 1992இல் பென் அமைப்பு அவவுக்குச் சர்வதேச விருது வழங்கியது. அதை வாங்க அவ வரவில்லை, பிறகும் திரும்பி வரவில்லை. எங்கட பல்கலைக்கழகங்களின் பட்டதாரிப் பட்டியல்களில் இப்படிப்பட்டவர்களுக்கு வரி இல்லை. கேள்வி கேட்கிறதுக்கு விலை கொடுத்த மாணவர்களையும் சேர்த்துத்தான் நாங்கள் 'சாதனை' என்று எண்ண வேண்டும்.

3.70 என்கிற இலக்கம்

இன்றைக்குச் சிறப்புப் பட்டம் என்றால் நான்கு வருசம், 120 திறமைப்புள்ளி, கடைசியில் ஒரு ஆய்வேடு. முதல் வகுப்புக்குப் பெரும்பாலும் 3.70 ஜிபிஏ வேண்டும். அந்த இலக்கம் எங்களை எப்படி ஆட்டுகிறது என்று எங்களுக்குத் தெரியும். களத்துக்குப் போனால் நாள் போகும், பஸ் காசு போகும், ஒப்படை பிந்தும். நூலகத்துக்குள்ளேயே முடிக்கக்கூடிய தலைப்பு பாதுகாப்பானது. "சேர் சொன்ன தலைப்பையே எடு, கிளாஸ் அடிக்கலாம்" என்பதுதான் சீனியர்மாரின் முதல் அறிவுரை. கலைப்பீடத்தில் பெரும்பான்மை நாங்கள் பெண் பிள்ளைகள். தூரக் கிராமத்தில் இரண்டு நாள் தங்கி நேர்காணல் எடுக்கப் போகிறோம் என்றால் வீட்டிலேயே முதல் வைவா நடக்கும்.

வகுப்புக் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியோரம் இருந்த பட்டதாரிகளை நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தோம். அதனால் வகுப்புக்கு ஓடுகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. நாங்களும் ஓடுகிறோம். ஆனால் பட்டம் வேலைக்கான சீட்டு மட்டும்தான் என்றால், ஆய்வேடு அந்தச் சீட்டின் பின்பக்கம் ஆகிவிடுகிறது. ஒருத்தரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

நட்டம் எங்களுக்கு மட்டும் இல்லை. வடக்கு, கிழக்கு, மலையகம் என்று ஒவ்வொரு வருசமும் சிறப்புக்கலை மாணவர்கள் ஊர்ப்பெயர், கோயிற் சடங்கு, லயத்து வாழ்க்கை, மீன்பிடிச் சொற்கள், மீள்குடியேற்றம் என்று எழுதிக்கொடுக்கிறார்கள். இதில் எல்லாமே தரமானது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பந்தி பந்தியாய்ப் பிரதி பண்ணியதும் உண்டு. ஆனால் நல்லதுகளுக்குள் இருக்கிற சாட்சியங்கள் வேறெங்கும் இல்லை. சொன்ன ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு நூலகம் எரிந்ததற்கு நாற்பது வருசமாக அழுகிறோம். இன்னொன்றை நாங்களே பூட்டி வைத்திருக்கிறோம்.

செய்யக்கூடியது பெரிய காரியமும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், ஆயிரக்கணக்கான தமிழ் வெளியீடுகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. இது முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. எங்கட பேட்சில் நாங்கள் மூன்று விசயத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம். தகவல் தந்தவர்களின் அனுமதியோடு ஆய்வேட்டின் ஒரு பிரதியை அந்த ஊர்ப் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ கொடுப்பது. இரண்டு பக்கத்தில், ஊர்ச்சனத்துக்கு விளங்குகிற தமிழில், சுருக்கம் எழுதுவது. ஒலிப்பதிவை இரண்டு இடத்தில் சேமிப்பது. அந்த அக்காவின் நாற்பது பக்கத்தையும் அவவின் சம்மதத்தோடு இப்போது தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறோம். பதினெட்டுப் பக்கம் முடிந்திருக்கிறது.

அடுத்த பட்டமளிப்புக்கு உங்கள் ஊர்ப் பிள்ளையின் படத்துக்குக் கீழே "வாழ்த்துக்கள்" போடுங்கள். அதோடு ஒரு வரி கூட எழுதுங்கள்: "என்ன தலைப்பில ஆய்வு செய்தனீங்கள்? வாசிக்கத் தருவீங்களோ?" அந்தப் பிள்ளையிடம் அதுவரை அப்படி ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள்.