மின் கதவுப் பூட்டும் பழைய உதிரிபாக வணிகமும்

காரின் மின் கதவுப் பூட்டு பழுதானால், கழிக்கப்பட்ட வேறொரு காரிலிருந்து எடுத்த பூட்டைப் பொருத்துவது தமிழ்நாட்டில் நெடுநாளாக நடைமுறையில் உள்ளது. சென்னையில் புதுப்பேட்டையும் கோவையில் உக்கடமும் இத்தகைய பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற இடங்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவிலுள்ள திண்டிவனத்துக்கும் 160 கி.மீ. தொலைவிலுள்ள விழுப்புரத்துக்கும் புதுப்பேட்டை ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கிறது. காலையில் பழுதான பூட்டை மாதிரிக்கு எடுத்துச் சென்று, மாலையில் அதற்கு இணையான பழைய பூட்டுடன் ஊர் திரும்பலாம்.

பூட்டின் வரலாறு

அமெரிக்காவின் பேக்கர்டு நிறுவனம் 1956ஆம் ஆண்டுக் கார்களில் மின் கதவுப் பூட்டை அளித்தது. மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் மோட்டாருக்குப் பதிலாகக் காற்று வெற்றிடத்தால் இயங்கும் மையப் பூட்டு நெடுங்காலம் இருந்தது. 1982இல் பிரான்சின் ரெனோ ஃபுயேகோ காரில் தொலைவிலிருந்து இயக்கும் சாவி வந்தது. அதை உருவாக்கிய பால் லிப்ஷுட்ஸ் என்பவரின் பெயரை ஒட்டிப் பிரெஞ்சு மக்கள் அச்சாவியை இன்றும் 'பிளிப்' என்கின்றனர்.

இந்தியாவில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களின் கதவுகள் கையால் பூட்டப்பட்டன. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரும் அவ்வாறே இருந்தது. பின்னர், கடைகளில் தனியாக வாங்கிப் பொருத்தும் 'சென்ட்ரல் லாக்' பரவியது. இதில் ஓட்டுநர் கதவின் மோட்டாருக்கு ஐந்து கம்பிகளும் மற்றக் கதவுகளின் மோட்டார்களுக்கு இரண்டிரண்டு கம்பிகளும் இருக்கும். 1990களின் பிற்பகுதியிலிருந்து விலை உயர்ந்த வகைக் கார்களில் தொழிற்சாலையிலேயே இது பொருத்தப்பட்டது.

இந்த மாற்றம் பட்டறை வேலையையும் மாற்றியது. பழைய பூட்டு முழுவதும் இரும்பு. தேய்ந்தால் பற்றவைத்து, அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். புதிய பூட்டில் சிறு மோட்டார், பிளாஸ்டிக் பற்சக்கரங்கள், நுண் சுவிட்சுகள் ஆகியவை ஒரே கூட்டுக்குள் அடைக்கப்பட்டுள்ளன. ஒரு பல் உடைந்தாலும் பெரும்பாலும் முழுத் தொகுதியையே மாற்ற வேண்டும். பழைய பூட்டுக்குத் தேவை எழுந்தது இதனால்தான்.

ஜி.எஸ்.டி. சாலையும் நின்றுபோன கார்களும்

சென்னையையும் விழுப்புரத்தையும் இணைக்கும் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே இரண்டு கார்த் தொழிற்சாலைகள் தோன்றி மறைந்தன. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு காரைத் தயாரித்தது. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 காருடன் 1988இல் அதன் உற்பத்தி முடிந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 1999இல் ஐகான் காருடன் தொடங்கியது. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தும் முடிவை நிறுவனம் அறிவித்தது. 2022இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. உதிரிபாகங்களும் பழுதுபார்ப்பும் தொடரும் என்று ஃபோர்டு அறிவித்தது. ஆனால் நிறுவனமே மறைந்துபோன ஸ்டாண்டர்டு போன்ற கார்களை வைத்திருப்போருக்குக் கழிக்கப்பட்ட மற்றொரு காரே உதிரிபாகக் கிடங்கு.

தேர்வும் பொருத்தலும்

பூட்டு இயங்கவில்லை என்றால் அதுவே கெட்டுவிட்டது என்று பொருளல்ல. கதவுக்கும் உடற்பகுதிக்கும் இடையே ரப்பர் குழாய்க்குள் செல்லும் கம்பி, கதவைத் திறந்து மூடுவதால் அறுந்துபோவதுண்டு. எனவே ஃபியூசையும் கம்பியையும் முதலில் பார்க்க வேண்டும்.

இடது, வலது, முன், பின் கதவுகளின் பூட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஒரே காரிலும் ஆண்டுக்கு ஆண்டு கம்பி இணைப்பி மாறலாம். ஆகவே பூட்டின் மேலுள்ள பாக எண்ணை ஒப்பிட வேண்டும். கடையிலேயே 12 வோல்ட் மின்கலத்தில் இணைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு கம்பி மோட்டாரில் முனைகளை மாற்றி இணைத்தால் ஒரு முறை பூட்டும், மறுமுறை திறக்கும். பின்கதவுப் பூட்டானால் குழந்தைப் பூட்டு நெம்பையும் சோதிக்க வேண்டும். பல கார்களில் சாவித் துளை வெளிக் கைப்பிடியில் தனியே இருப்பதால், பூட்டை மாற்றினாலும் சாவி மாறாது.

பொருத்திய பிறகு கதவைத் திறந்தே வைத்து, திருப்புளியால் பூட்டின் நாக்கை மடக்கி, உள், வெளிக் கைப்பிடிகள் இரண்டாலும் அது விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் மூடிய கதவு திறக்காமல் போனால் உள் அட்டையைக் கழற்றுவதே கடினமாகிவிடும். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை மீண்டும் ஒட்டாவிட்டால் மழைநீர் காருக்குள் கசியும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள்

பழைய பூட்டில் கண்ணுக்குத் தெரியாத குறை நீரால் வருவது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது, தென்பெண்ணை வெள்ளம் அரசூரில் நெடுஞ்சாலையை மூழ்கடித்தது. நீரில் நின்ற காரின் பூட்டு அன்று இயங்கினாலும், சுவிட்சுகளில் பச்சைக் களிம்பு ஏறிச் சில மாதங்களில் நின்றுவிடக்கூடும். இணைப்பியின் ஊசிகளில் பச்சை நிறமோ, கூட்டின் இடுக்குகளில் வண்டல் மண்ணோ இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். பூட்டு விபத்தின்போது கதவைத் திறவாமல் தாங்கும் பாகமும் ஆகும். நசுங்கிய கதவிலிருந்து எடுத்ததையும் வாங்கக் கூடாது.

சட்டமும் எதிர்காலமும்

எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் எண் உண்டு. பூட்டில் பாக எண் இருக்கிறதே தவிர, எந்தக் காரிலிருந்து வந்தது என்று காட்டும் எண் இல்லை. திருட்டுக் கார்கள் பிரிக்கப்படும் இடம் என்று குற்றம் சாட்டப்பட்ட மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை 2021 டிசம்பரில் மூடப்பட்டது. திருட்டுப் பொருள் என அறிந்து வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். ஆகவே கடையின் ரசீதே வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

வாகனக் கழிவு நிலையங்களைப் பதிவுசெய்வதற்கான விதிகள் 2021 செப்டம்பரில் வெளியாயின. 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு நீக்கப்பட்டது. ஆயுள் முடிந்த வாகனங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைக்கும் விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவற்றால் பிரிக்கப்படும் காரின் மூலம் ஆவணத்தில் பதிவாகும். அதே நேரத்தில், கார் முழுவதும் இரும்பாக நசுக்கப்பட்டால் நல்ல பூட்டும் அதனுடன் அழியும். சிற்றூர்ப் பட்டறைகளுக்கு மலிவான பாகங்கள் தொடர்ந்து கிடைக்குமா என்பது, அந்நிலையங்கள் நசுக்குவதற்கு முன் எவ்வளவைக் கழற்றி விற்கும் என்பதைப் பொறுத்தது.