பந்தெறிந்த கையும் கப்பல் பீரங்கியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் காங்கிரசு மன்றக் குழுவொன்று 1957-ஆம் ஆண்டில் அந்நாட்டின் பேஸ்பால் ஆட்டத் தொழிலைப் பற்றி விசாரணை நடத்தியது. சான்று கூற வந்தவர்களுள் ஒருவர் பாப் பெல்லர். முந்திய ஆண்டுதான் ஆட்டத்தை விட்டு விலகிக் காப்புறுதி விற்கும் தொழிலுக்கு வந்திருந்தார். வயது 38. அந்தக் கை ஒரு காலத்தில் நாடெங்கும் பேசப்பட்ட கை. இடையில் சில ஆண்டுகள் கடற்படைக் கப்பலொன்றில் விமான எதிர்ப்புப் பீரங்கியின் பக்கத்தில் நின்ற கையும் அதுவே.

பேஸ்பால் நம் பள்ளிகளில் ஆடப்படும் ரவுண்டர்சுக்கு உறவுடைய ஆட்டம். கிரிக்கெட்டில் போலவே ஒருவர் பந்தெறிய மற்றொருவர் மட்டையால் அடிப்பார். ஆனால் பந்து தரையில் படாமல் வரும். எறிபவரின் வேகமே ஆட்டத்தின் உயிர். இவ்வளவு தெரிந்தால் இவ்வரலாற்றைப் பின்தொடரப் போதும்.

பெல்லர் 1918 நவம்பர் 3-ஆம் நாள் அயோவா மாநிலத்தின் வான் மீட்டர் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் வில்லியம் பெல்லர் செய்த காரியம் பெற்றோர் பலரும் அறிய வேண்டியது. மகனிடம் திறமை இருப்பதைக் கண்டதும், மிகுதியான கைவேலை கேட்கும் சோளப் பயிரைக் குறைத்துக் கோதுமைக்கு மாறினார். பையனுக்குப் பயிற்சி செய்ய நேரம் கிடைக்கும் அல்லவா! 1932-இல் தம் நிலத்திலேயே ஒரு பகுதியை ஒதுக்கி ஆடுகளம் அமைத்தார். அமெரிக்காவின் பொருளாதாரம் வீழ்ந்து, உழவர்கள் நிலத்தை இழந்துகொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டில் விளைநிலத்தை விளையாட்டு நிலமாக்கிய மனிதரை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்த்திருப்பர் என்பதை ஊகிக்கலாம்.

கிளீவ்லாந்து குழுவினர் பையனை ஒப்பந்தம் செய்தபோது கொடுத்தது ஒரு டாலரும், ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்ட பந்து ஒன்றும். 1936 ஆகஸ்டு 23-இல், 17-ஆம் வயதில், முதன்முறையாக ஆட்டத்தைத் தொடங்கி எறிந்த பெல்லர் 15 பேரை அடிக்கவிடாமல் வெளியேற்றினார். அடுத்த மாதமே 17 பேர். பெரிய குழுக்கள் இப்படிப் பள்ளிப் பையனை நேரடியாகப் பிடிப்பது அக்கால விதிக்கு மாறு. ஆட்டத் தலைமை ஆணையர் நீதிபதி லாண்டிஸ் வழக்கை விசாரித்தார். ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ந்தால் வேறு குழுக்கள் பெருந்தொகை கொடுத்துப் பெல்லரை வாங்கக் காத்திருந்தன. ஆனால் தந்தையும் மகனும் கிளீவ்லாந்தே வேண்டும் என்று நின்றனர். இறுதியில் கிளீவ்லாந்து குழு, டெ மாயின் நகரக் குழுவுக்கு 7,500 டாலர் கொடுக்க வேண்டும் என்ற அளவில் தீர்ப்பு முடிந்தது.

இதற்குப் பின் பையன் என்ன செய்தான்? பள்ளிக்குத் திரும்பினான். வளர்ந்த ஆண்களை மைதானத்தில் தலைகுனிய வைத்துவிட்டு, வான் மீட்டர் உயர்நிலைப் பள்ளியின் பலகையில் போய் உட்கார்ந்து கடைசி ஆண்டுப் பாடத்தைப் படித்தான். 1937-இல் அப்பள்ளியின் பட்டமளிப்பு நிகழ்ச்சியை வானொலி நாடு முழுவதற்கும் ஒலிபரப்பியது. ஒரு சிற்றூர்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அத்தகைய பேறு வேறெங்கும் எளிதில் வாய்த்திராது. ஆட்டத்தின் பொருட்டுப் பள்ளியைப் பாதியில் நிறுத்தியவர்களின் பட்டியல் நீளமானது. அதில் இவர் பெயர் இல்லை.

அடுத்த சில ஆண்டுகளின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1939-இல் 24, 1940-இல் 27, 1941-இல் 25 வெற்றிகள். 23 வயது நிரம்பியபோது மொத்தம் 107 வெற்றிகள். வேகத்தை அளக்கக் கருவி கிடைக்காத நிலையில், 1940-இல் மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடிய மோட்டார் சைக்கிளோடு அவர் பந்தைப் போட்டியிடச் செய்தனர். சற்று முந்திச் சென்ற வண்டியைப் பந்து வென்றது. 1946-இல் இராணுவக் கருவிகொண்டு அளந்தபோது 98.6 மைல் என்று பதிவாயிற்று.

1941 டிசம்பர் 7 ஞாயிற்றுக்கிழமை. அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தம் பேசுவதற்காகப் பெல்லர் காரில் சிக்காகோ நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். மிசிசிப்பி ஆற்றைக் கடக்கும் வேளையில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தியைக் கார் வானொலி அறிவித்தது. இந்தப் போர் மலாயாவுக்கு வந்ததும் அதே நேரத்தில்தான். கோத்தபாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது, நம் கணக்கில் டிசம்பர் 8. பெல்லர் ஒப்பந்தப் பேச்சை விடுத்து ஓரிரு நாளில் கடற்படையில் சேர்ந்தார். முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஜீன் டன்னியே அவருக்கு உறுதிமொழி செய்வித்தார்.

இங்குக் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தந்தையார் மூளைப் புற்றுநோயால் நலிந்து கிடந்தார். குடும்பத்துக்கு வருவாய் தேடும் ஒரே ஆள் மகன்தான். ஆதலால் படையில் சேரும் கட்டாயம் சட்டப்படி அவருக்கு இல்லை. வீட்டில் இருந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. தந்தைக்கு மகன் ஆற்றும் கடமையா, நாட்டுக்குக் குடிமகன் ஆற்றும் கடமையா என்ற கேள்விக்கு நம் நீதி நூல்களைப் புரட்டினாலும் ஒரே விடை கிடைக்காது. பெல்லர் ஒரு விடையைத் தேர்ந்தார். 1943 சனவரியில் தந்தையார் காலமானார். கண் முன்னே வளர்த்த ஆட்டத்தின் மீதியை அவர் பார்க்கவில்லை.

கடற்படை முதலில் அவரை உடற்பயிற்சி ஆசிரியராக வைத்தது. பெயர் பெற்ற ஆட்டக்காரர் பலர் அத்தகைய வேலையிலேயே போரைக் கழித்தனர்; அதில் இழிவு ஏதும் இல்லை. பெல்லரோ பீரங்கிப் பயிற்சி கேட்டுப் பெற்று, 35,000 டன் போர்க்கப்பலான அலபாமாவுக்குச் சென்றார். அதில் 24 பேர் கொண்ட 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கிக் குழுவின் தலைவர் ஆனார். 1943-இல் அக்கப்பல் பிரிட்டிஷ் கடற்படையுடன் சேர்ந்து, ரஷ்யாவுக்குச் சென்ற சரக்குக் கப்பல்களின் வடகடல் வழியைக் காத்தது. பின்னர் பசிபிக் கடல்: கில்பர்ட் தீவுகள், மார்ஷல் தீவுகள், 1944 சூனில் பிலிப்பைன் கடற்போர். அப்போரில் ஜப்பானிய விமானங்கள் திரண்டு வருவதை ராடாரில் கண்டு முதலில் அறிவித்த கப்பல் அலபாமாதான். ஓய்வு வேளையில் பெல்லர் மேல்தளத்தில் ஓடியும் பந்தெறிந்தும் உடலைப் பேணி வந்தார்.

பகைவரின் குண்டுக்கு அலபாமா ஓர் ஆளைக்கூடப் பலிகொடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மையே. ஆனால் 1944 பிப்ரவரியில் ஓர் இரவு, விமானத் தாக்குதலின் நடுவே, அக்கப்பலின் 5 அங்குலப் பீரங்கி மேடைகளில் ஒன்று தவறுதலாக மற்றொரு மேடையைச் சுட்டுவிட்டது. ஐவர் இறந்தனர், 11 பேர் காயமுற்றனர். போரின் வீரவரலாறுகள் இத்தகைய இரவுகளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பிற்காலத்தில் யாரேனும் வீரர் என்று புகழ்ந்தால், வீடு திரும்பாதவர்களே வீரர்கள், திரும்பியவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே என்று பெல்லர் மறுத்துவிடுவார். அவ்வாறு சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது.

1945 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டு அம்மாதம் 24-ஆம் நாளே மைதானத்துக்கு வந்தார். 12 பேரை வெளியேற்றி டெட்ராய்ட் குழுவை வென்றார். 1946-இல் 26 வெற்றிகள். வெளியேற்றியவர்கள் 348 பேர். 1904-இல் ரூப் வாடெல் 343 பேரை வெளியேற்றியதாக அப்போது கருதப்பட்டதால் இதுவே புதிய சாதனை எனக் கொண்டாடினர். பழைய ஏடுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் வாடெலின் கணக்கு 349 என்று கண்டனர். ஓர் எண்ணில் போயிற்று சாதனை! வரலாறு படிப்பவர்க்கு இது சுவையான செய்தி; பெல்லருக்கு எப்படியிருந்ததோ.

மொத்தத்தில் அவர் பெற்ற வெற்றிகள் 266. போர் விழுங்கியது நான்கு ஆட்டப் பருவங்களில் பெரும்பகுதி. ஆண்டுக்கு 25 என்று கொண்டாலும் 350-ஐ எட்டியிருப்பார். 1948-இல் கிளீவ்லாந்து உலகத் தொடரை வென்றபோது, பெல்லர் எறிந்த இரண்டு ஆட்டங்களும் தோல்வியாயின. உலகத் தொடரில் ஒரு வெற்றியும் இல்லாமலே 1956-இல் ஓய்வு பெற்றார்.

குறையையும் சொல்லவே வேண்டும். கறுப்பின ஆட்டக்காரரைப் பெரிய குழுக்கள் சேர்க்காத காலத்தில், 1946 இறுதியில், சாச்செல் பெய்ஜின் கறுப்பினக் குழுவோடு ஊர் ஊராக விமானத்தில் சென்று ஆடினார் பெல்லர். இரு தரப்பாரும் பணம் ஈட்டினர். அதே காலத்தில் ஜாக்கி ராபின்சன் பெரிய ஆட்டத்தில் தேறமாட்டார் என்று கருத்துரைத்தவரும் அவரே. காலம் அவர் கணிப்பைப் பொய்யாக்கியது. 1962-இல் புகழ் மண்டபத்தில் இருவரும் ஒரே நாளில் இடம்பெற்றனர்.

காங்கிரசு குழுவின் முன் 1957-இல் எழுந்த வழக்குக்கு வருவோம். ஒரு குழுவோடு கையெழுத்திட்டவர் வேறு குழுவுக்குத் தாமாகப் போக முடியாது. குழு விரும்பும்வரை அவர் அதற்கே உரியவர். இதுவே அன்றைய விதி. 1910-இல் ஒழிந்த ஒப்பந்தக் கூலி முறையைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டறிந்த தோட்டத்து மக்களுக்கு இவ்விதியின் வாசனை புரியும், சம்பளம்தான் வானுக்கும் மண்ணுக்கும் வேறு. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த பெல்லர், விதி திருத்தப்பட வேண்டும் என்ற பக்கம் நின்றார். தமக்கு இனி அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற நிலையில் பேசியதுதான் அவர் சொல்லுக்கு எடை. விதி உடைந்தது 1975-இல்.

காப்புறுதித் தொழிலில் அவர் பெருஞ்செல்வம் குவிக்கவில்லை. பழைய பெயர் கதவைத் திறக்க உதவியிருக்கும், அவ்வளவே. அலபாமா கப்பலோ உடைக்கப்படும் நிலையிலிருந்து தப்பியது. அலபாமா மாநிலப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசாகச் சேர்த்தளித்த தொகை சுமார் 1,00,000 டாலர். 1965 சனவரியில் மொபீல் நகரில் அது காட்சிக்கப்பலாகத் திறக்கப்பட்டது. தாம் நின்ற பீரங்கியைப் பெல்லர் பின்னாளில் அங்குச் சென்று பார்த்ததுண்டு.

2009 சூனில் கூப்பர்ஸ்டவுன் நகரில் முன்னாள் ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டம் நடந்தது. முதல் பந்துகளை எறிய மேட்டில் ஏறியவர் பெல்லர். அப்போது வயது 90. அடுத்த ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள், இரத்தப் புற்றுநோயால் மறைந்தார்.