குதிரைசக்தியும் கால் மைல் பாதையும்

1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தன் ஆளுகைக்குட்பட்ட எந்தப் பிரிவும் மோட்டார்ப் பந்தயங்களில் ஈடுபடலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் உத்தரவு பிறப்பித்தபோது, பந்தயக் களத்தில் ஈட்டிய கீர்த்தியைக் கொண்டே வாலிபர்களின் மனத்தைக் கவர்ந்துவந்த பான்டியாக் பிரிவு தன் பிரதான ஆயுதத்தை இழந்து நின்றது. களத்தில் காட்ட முடியாத வேகத்தைப் பொதுச்சாலைக்கே கொண்டுவந்துவிடுவது என்று அப்பிரிவின் தலைமை இஞ்சினியர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் கண்ட உபாயத்திலிருந்துதான் அமெரிக்காவின் மஸில் கார் சகாப்தம் பிறந்ததென்பது பெரும்பாலோர் அபிப்பிராயம். பெரிய இஞ்சினை இலகுவான உடலில் அமர்த்தும் யோசனை 1949ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் ராக்கெட் 88 காரிலேயே தென்பட்டதெனினும், அதை ஒரு வியாபார சூத்திரமாக வகுத்த பெருமை பான்டியாக்கையே சாரும்.

பெரிய கார்களுக்கென வார்க்கப்பட்ட 389 கன அங்குல இஞ்சின், நடுத்தர டெம்பஸ்ட் காருக்குரிய 326 கன அங்குல இஞ்சினை வெளியளவில் ஒத்திருந்தமையால், அதே இடத்தில் அதிகப் பிரயாசையின்றிப் பொருந்திவிட்டது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இஞ்சினை வைக்கலாகாதென்ற கம்பெனி விதிக்கோ, அந்தச் சேர்க்கையைத் தனி மாடலாக அறிவியாமல், விரும்புவோர் கூடுதல் விலை கொடுத்துப் பெறும் உபரி அம்சமாக அறிவித்து வழி கண்டார்கள். ஐயாயிரம் விற்றாலே அதிகம் என்று விற்பனை நிர்வாகிகள் ஐயுற்ற, ஜி.டி.ஓ. எனப் பெயரிட்ட அந்தக் கார், 1964ஆம் வருஷ மாடலாக 32,450 விற்றது. பின்னர் 1966இல் கிரைஸ்லரின் 426 ஹெமி இஞ்சினும், 1968இல் மூவாயிரம் டாலருக்கும் குறைந்த விலையில் பிளிமத் ரோட் ரன்னரும், 1970இல் 450 குதிரைசக்தி என விளம்பரமான ஷெவர்லே ஷெவெல்லும் வந்தன. செல்வந்தர்களின் ஏகபோகமாயிருந்த வேகம் டிட்ராய்ட் தொழிற்சாலைக் கூலிக்காரனின் மகனுக்கும் எட்டியது என்பதே அந்தக் காலத்தின் உண்மையான சாதனை என்று நான் கருதுகிறேன். அந்நகரின் உட்வர்டு அவென்யூவில் இரவு வேளைகளில் சிவப்பு விளக்கு பச்சையாவதற்காக உறுமிக்கொண்டு காத்திருந்த கார்களில் பல, மாதத் தவணையில் வாங்கப்பட்டவை.

ஆனால் அந்த வேகம் எவ்வளவு என்று நிர்ணயிக்கப் புகுந்தால், அக்காலத்து எண்களை அப்படியே நம்புவதற்கில்லை. 1964 மார்ச் மாதத்தில் ‘கார் அண்டு டிரைவர்’ பத்திரிகை ஜி.டி.ஓ. காரைப் பரீட்சித்து, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் எட்டியதாக எழுதிற்று. பரீட்சைக்குத் தரப்பட்ட காரில் இருந்தது 389 அல்ல, 421 கன அங்குல இஞ்சின் என்பதைப் பான்டியாக்கின் விளம்பரத்தில் பங்கு கொண்டிருந்த ஜிம் வாங்கர்ஸ் பிற்காலத்தில் வெளியிட்டார். இதனினும் முக்கியமானது அளவை முறை. காற்று வடிகட்டி, மின்னாக்கி, புகைபோக்கிக் குழாய் முதலிய பாரங்கள் எவையுமின்றி, மேடைமீது தனித்து ஓடிய இஞ்சினின் சக்தியைத்தான் அன்றைய விளம்பரங்கள் கூறின. 1972ஆம் வருஷ மாடல்கள் முதல், காரில் உள்ளபடியே எல்லா உபகரணங்களையும் பூட்டி அளக்கும் முறை வழக்கில் வந்தது. 1971இல் இரண்டு கணக்கும் ஒருங்கே வெளியானபோது, 454 கன அங்குல ஷெவெல்லின் ஒரே இஞ்சின் பழைய கணக்கில் 365 குதிரைசக்தி, புதிய கணக்கில் 285.

இந்த இடத்தில் தற்காலத்துக் குடும்பக் கார் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது தகும். 2018ஆம் வருஷத்து டொயோட்டா கேம்ரியின் ஆறு சிலிண்டர் இஞ்சின், ஏறக்குறைய 211 கன அங்குலமே கொள்ளளவுடையது. ஆயினும் புதிய அளவையில் 301 குதிரைசக்தி தருகிறது. அதன் அழுத்த விகிதம் 11.8. இதையொத்த விகிதத்தை எட்ட, 1970இன் இஞ்சின்களுக்கு ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோல் வேண்டியிருந்தது. கேம்ரியோ ஈயமற்ற சாதாரணப் பெட்ரோலிலேயே ஓடுகிறது. கார்பரேட்டர் உத்தேசமாகச் செய்ததைக் கணிப்பொறி ஒவ்வொரு சுழற்சியிலும் அளந்து செய்வதே இதன் ரகசியம். கால் மைல் தூரத்தைக் கேம்ரி பதினான்கு விநாடிக்குச் சற்று மேலாகக் கடக்கிறது. சராசரி மஸில் கார்கள் பதினான்குக்கும் பதினைந்துக்கும் இடையில் கடந்தன. 450 குதிரைசக்தி ஷெவெல்லைப் போன்ற சிலவே பதின்மூன்று விநாடிக் கணக்கில் ஓடி, இன்றைய குடும்பக் காரைத் தெளிவாகப் பின்னுக்குத் தள்ளும்.

இதைக் கேட்டுப் பழைய கார்களை எள்ளுவோர், குறை எங்கே இருந்ததென்று ஆராய்வதில்லை. இஞ்சினில் அது அற்பமே. ரேடியல் அமைப்பில்லாத குறுகிய டயர்கள் அத்தனை சக்தியையும் தரையில் பற்றச் செய்யமாட்டாமல் புகைந்து சுழன்றன. பயில்வானின் தோள்களுக்குக் குழந்தையின் பாதங்களை வைத்தாற்போன்ற நிலை அது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே பூண்டு புறப்பட்ட 1964 ஜி.டி.ஓ., வேகத்திலிருந்து இரண்டொரு முறை அடுத்தடுத்து நிறுத்தப்பட்டால் சூடேறிப் பிடியிழக்கும். 1967இல்தான் முன்சக்கர டிஸ்க் பிரேக் அதற்கு உபரி அம்சமாகக் கிடைத்தது. வளைவிலும் நிறுத்தத்திலும், விபத்தில் பிரயாணியைக் காப்பதிலும் இன்றைய சாமானியக் கார் அடைந்திருக்கும் மேன்மை, நேர்ப்பாதையில் அடைந்திருப்பதைவிடப் பன்மடங்கு பெரிது.

1970இன் சுத்தக்காற்றுச் சட்டமும், இன்ஷூரன்ஸ் கட்டண உயர்வும், 1973இன் எண்ணெய்த் தடையும் சேர்ந்து அந்தச் சகாப்தத்தை முடித்தன. ஜி.டி.ஓ. 1974உடன் நின்றது, 1975இல் ஷெவர்லே கார்வெட்டின் அடிப்படை இஞ்சினே 165 குதிரைசக்திதான். பிற்காலத்திலோ 2018 மஸ்டாங் ஜி.டி. 460 குதிரைசக்தியுடன் வந்தது. அதே ஆண்டின் டாட்ஜ் டீமன், பந்தயத்துக்குரிய பெட்ரோலில் 840 குதிரைசக்தியுடன் கால் மைலை 9.65 விநாடியில் கடந்தது. பெட்ரோலே அறியாத டெஸ்லா மாடல் எஸ் பிளேடு 1,020 குதிரைசக்தி உடையது.

பழைய கார்களின் சொந்தக்காரர்கள் பலர் இப்போது அவற்றில் ரேடியல் டயரும் டிஸ்க் பிரேக்கும் பொருத்தி, கார்பரேட்டரைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும் நவீன சாதனத்தை அமைக்கிறார்கள். டயரை மாற்றிய மாத்திரத்திலேயே, இஞ்சினில் கை வைக்காமலே, அதே கார் கால் மைலை முன்னிலும் விரைவாகக் கடப்பதைக் காண்கிறோம். சாலையில் ஓட்டப்படும் கார்களுக்கு அந்த மாற்றங்கள் அவசியம் என்பதில் எனக்கு ஆக்ஷேபமில்லை. எனினும் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்ணமே எஞ்சியிருக்கும் சிலவற்றையேனும், டிரம் பிரேக்கும் மூன்று கார்பரேட்டர்களுமாக அப்படியே விட்டுவைக்கும்படி அவர்களை வேண்டிக்கொள்வேன்.