கூழ்மவெள்ளியின் மீட்சி: மருந்தகத்திலிருந்து வீட்டு மின்பகுப்பிற்கு

நுண்ணுயிர் எதிரிகளுக்கு முந்தைய காலத்தில் வெள்ளி ஏற்புடைய மருந்தாக விளங்கியது. 1902இல் அமெரிக்காவில் அறிமுகமான வெள்ளிப்புரதக் கூழ்மமாகிய ஆர்ஜிரால், பிறந்த குழந்தைகளின் கண்தொற்றைத் தடுக்கப் பயன்பட்டது. 1940களில் பெனிசிலின் பரவியபின் இத்தகைய மருந்துகளின் இடம் சுருங்கியது.

நூற்றாண்டின் இறுதியில் கூழ்மவெள்ளி வீட்டுத் தயாரிப்பாக மீண்டது. இரு வெள்ளிக் கம்பிகளை நீரில் அமிழ்த்தி மின்கலத்துடன் இணைத்தால், நேர்மின்வாயிலிருந்து வெள்ளி அயனிகள் கரைகின்றன. இதன் செறிவை வீட்டில் துல்லியமாக அளவிடுதல் அரிது. மருந்துச்சீட்டின்றி விற்கப்படும் கூழ்மவெள்ளி பாதுகாப்பானதாகவோ பயனுள்ளதாகவோ பொதுவாக ஏற்கப்படவில்லை என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999இல் விதித்தது. அதே ஆண்டில், 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாற்றால் நுண்ணுயிர் எதிரிகளுக்குத் தட்டுப்பாடு நேருமென அஞ்சிய மொன்டானா அரசியலர் ஸ்டான் ஜோன்ஸ், இதனைத் தாமே தயாரித்து அருந்தத் தொடங்கினார். 2002இல் அவர் செனட் தேர்தலில் போட்டியிட்டபோது, ஆர்ஜிரியாவால் அவரது தோல் நீலச்சாம்பல் நிறம் பெற்றிருந்தது. மருந்து வழங்கலின்மீது நம்பிக்கை தளருங்கால், கைவிடப்பட்ட மருந்து அளவின்றி வீடு திரும்பும் என்பதை இந்நிகழ்வு புலப்படுத்துகிறது.